பூனையின் வயிற்றுக்கு ஆகாதவை

எங்கள் பூனை தக்காளி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேடில் வந்தது. என் வீட்டுக்காரர் மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி லோடு ஓட்டுகிறவர். ஒரு நாள் மதியம் காலி கிரேடுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, அடியில் இருந்த ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. நசுங்கிய தக்காளி அதன் முதுகில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஓசூர்க்காரி வந்திருக்கா. கன்னடத்துல கூப்பிட்டுப் பாரு" என்றார்.

நான் எந்தப் பாஷையிலும் கூப்பிடவில்லை. செத்துவிடுமோ என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் முதலில் தோன்றும். வண்டி கிளம்பினால் ராயக்கோட்டை வளைவில் சாயுமோ, மோட்டார் போட்டால் கருகிப்போகுமோ, போன் அடித்தால் யாருக்கு என்னவோ. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் ஜுரம் வந்து படுத்தேன், பிறகு போகவே இல்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அதைச் சொன்னால் பூனையின் மேல் நான் வைத்த பாசத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டதாக எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இருக்கிற கவலைகளோடு இன்னொன்று சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் மற்றக் கவலைகள் என் மடியில் வந்து படுத்ததில்லை.

ஒன்றரை வருடம் நன்றாக வளர்ந்தது. அதன் பிறகுதான் வயிறு கெட்டது. முதலில் கழிச்சல். இரண்டு நாள் நிற்கும், மறுபடியும் போகும். பிறகு சளி மாதிரி ஒரு பசை, அதில் ரத்தக் கோடு. சாப்பிட்ட அரை மணியில் வாந்தி. மடியில் படுத்தால் அதன் வயிற்றுக்குள் தண்ணீர்க்குழாயில் காற்று ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எருக்குழிக்குப் பக்கத்தில் அது மண்ணைத் தோண்டி மூடிவிட்டு வரும் இடம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் கிளறிப் பார்ப்பேன். கெட்டியா, தண்ணியா, என்ன நிறம் என்று. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, மாட்டுச் சாணி அள்ளறது பத்தலன்னு பூனைப் பீயில ஆராய்ச்சியா? புதையல் கெடச்சா எனக்கும் பாதி குடு."

"ரத்தமா போவுதுக்கா."

"பூனைன்னா அப்படித்தான். ரெண்டு அருகம்புல்லைத் தின்னுட்டு அதுவே சரி பண்ணிக்கும். நீ பண்ணற கூத்துல அதுக்குப் பேதி நிக்கப் போவுதா?"

அருகம்புல்லைத் தின்றது. அதையும் கக்கியது. சீரகத்தண்ணீர் சொன்னார்கள், ஊற்றினேன். மோர் குளிர்ச்சி என்றார்கள், கொடுத்தேன். மாதுளைத் தோலை அரைத்துக் கொடு என்று ஒருத்தி சொன்னாள், அதையும் செய்தேன். எதைக் கொடுத்தாலும் மறுநாள் குச்சியின் நுனியில் அதே பசைதான் வந்தது. தக்காளி நிறுக்கிற எடைமெஷினில் வைத்துப் பார்த்தேன். மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது இரண்டரைக்கு இறங்கியிருந்தது. அன்றைக்கு நான் களியைக் கிளறிவிட்டுத் தின்னாமல் மூடி வைத்தேன்.

மறுநாளே ஒரு கிரேடில் பூனையை வைத்து, மேலே இன்னொரு கிரேடைக் கவிழ்த்து, சணல் கயிறு போட்டுக் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கே கறவை மாடும் ஆடும் நின்ற வரிசையில் நான் மட்டும் கத்துகிற கிரேடோடு நின்றேன். கன்றுக்குட்டியோடு வந்த ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "தக்காளி இப்பெல்லாம் மியாவ்னு கத்துதுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பூச்சி மருந்து கொடுத்தார். பத்து நாள் கழித்து மறுபடியும் போனபோது உட்காரச் சொல்லி, என்னென்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். சோறு, கோழிக் குடல், கருவாடு, பால், மோர், பிஸ்கட், களி உருண்டையின் ஓரம் என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார்.

"இதுல எது அதுக்கு ஒத்துக்கலன்னு தெரியணும்மா. அதுக்கு எல்லாத்தையும் நிறுத்தணும். அது இதுவரைக்கும் தின்னாத கறி ஒண்ணு மட்டும் குடுக்கணும். ஆட்டுக்கறி தின்னிருக்கா?"

"நாங்களே மாரியம்மன் பண்டிகைக்குத்தாங்க."

அவர் சிரித்தார். "அப்ப அதுதான் சரி. உப்பு, காரம், எண்ணெய் இல்லாம வேக வெச்சு, அது மட்டும். ஆறு வாரம். பால் சுத்தமா ஆகாது. மறந்து போய் ஒரு சொட்டு குடுத்தாலும் ஆறு வாரமும் வீண். புரியுதா?"

"எழுதிக் குடுங்கம்மா. எனக்கு மனசுல நிக்காது."

எழுதிக் கொடுத்தார். 'பால், தயிர், மோர், நெய் கூடாது' என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். அந்தச் சீட்டை அரிசி டிரம்மின் மேல் ஒட்டினேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும் ஒரு நாளைக்கு நாலு தடவை படித்தேன்.

அவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் விடவில்லை என்றுதான் நம்பினேன். கறியை எலும்பில்லாமல் வாங்கி, கொழுப்பை நறுக்கி எறிந்துவிட்டு, தனிச் சட்டியில் வேகவைத்தேன். தயிர் சாதம் பிசைந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அதைத் தொட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓட்டையில் கருவாட்டுத் தலையைப் போடுகிறாள் என்று தெரிந்து, ஓட்டையைச் சீமைக்கருவேல முள் வைத்து அடைத்தேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்காரர் தட்டில் களியும் கீரைக் கடைசலும் இருக்கும். பூனையின் தட்டில் ஆட்டுக்கறி இருக்கும்.

"எனக்கு வயித்து வலின்னு சொன்னா, சோடா வாங்கிக் குடிங்கன்னு சொல்ற. அவளுக்கு வயித்து வலின்னா ஆட்டுக்கறி. நானும் அந்தக் கிரேடுலயே ஏறி வந்திருக்கணும்" என்பார்.

"உங்களுக்கு வாய் இருக்குது, சொல்றீங்க. அதுக்கு இருக்குதா?"

"வாய் இல்லாததுக்குத்தான் இந்த வூட்டுல மரியாதை."

மூன்று வாரம் போனது. நாலு வாரம் போனது. குச்சி நுனியில் பசை குறையவில்லை. பூனையின் இடுப்பு எலும்பு முட்டிக்கொண்டு தெரிந்தது. ஐந்தாவது வாரம் மெஷினில் இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் காட்டியது. ஆட்டுக்கறியும் ஆகவில்லை என்றால் இனி இந்த உலகத்தில் அதற்கு என்னதான் ஆகும் என்று நினைத்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கறி வெந்துகொண்டிருந்தது. சுற்றுப்பட்டு வீடுகளில் எல்லாம் இங்கே விருந்து என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரம்தான் எங்கள் மாடு பருவத்துக்குக் கத்தியது. சினை ஊசி போடுகிறவருக்கு வீட்டுக்காரர் போன் போட்டார். அவர் அதே ஆஸ்பத்திரியில் இருப்பவர், நான் கிரேடோடு நின்றதைப் பார்த்தவர். காலையில் அவர் பைக்கை நிறுத்தும்போது நான் கறக்க உட்கார்ந்திருந்தேன்.

"கறந்து முடிங்கக்கா, அவசரமில்ல" என்று அவர் மாட்டுக் கொட்டாய் ஓரத்தில் நின்றார்.

கன்றை இழுத்துக் கட்டினேன். மடியைக் கழுவினேன். எப்போதும் செய்கிறபடி நான்கு காம்பிலும் இரண்டிரண்டு பீச்சு தரையில் விட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். முதல் பால் பூமிக்கு. அதை விட்ட பிறகுதான் சொம்பை முழங்காலில் இடுக்குவோம். எங்கள் கொட்டாயில் அந்த இடத்தில் ஒரு பலகைக்கல் பதித்திருக்கிறது. நான் விட்ட பால் அதில் விழுந்தது. பூனை வந்தது, கல்லை நக்கியது, போனது. நான் கறக்க ஆரம்பித்தேன்.

"யக்கா" என்றார் அவர்.

"என்னாங்கண்ணா?"

"பூனைக்குப் பால் ஆகாதுன்னு டாக்டரம்மா எழுதிக் குடுத்தாங்களே, அது இந்தப் பூனைதானே?"

"இதுதாங்க. ஒரு சொட்டு குடுக்கறதில்லைங்க. அஞ்சு வாரமாச்சு."

"இப்ப நக்கிட்டுப் போவுதே, அது என்னாது?"

"அது கீழ விடறதுங்க."

"கீழ விட்டா அது பால் இல்லீங்களா?"

நான் காம்பைப் பிடித்தபடியே இருந்தேன். மாடு காலை மாற்றி வைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அது பால் என்று எனக்குத் தோன்றவில்லை. பால் என்றால் சொம்பில் இருப்பது, சொசைட்டிக்கு ஊற்றுவது, தட்டில் வைப்பது. கல்லில் விடுவது பூமிக்குப் போனது. போனதை யார் நக்கினால் என்ன? காலையில் எட்டு பீச்சு, சாயந்தரம் எட்டு பீச்சு. ஐந்து வாரமாக, என் கண் முன்னாலேயே, என் கையாலேயே. அது வந்து நக்குவதைத் தினமும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, இன்றைக்கு நடை பரவாயில்லையா என்றுதான் கவலைப்பட்டேன்.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் சிரிக்க வாயைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா, முதல்லயிருந்து ஆரம்பிப்போம்" என்று மட்டும் சொன்னார்.

முதலிலிருந்து ஆரம்பித்தேன். தரையில் பால் விடுவதை நிறுத்தினேன். முதல் பீச்சை ஒரு பழைய டப்பாவில் பிடித்து, பூனைக்கு எட்டாமல் கிணற்று மேட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஊற்றினேன். மாட்டுக்குப் போட்ட ஊசியில் சினை பிடிக்கவில்லை. பூமிக்கு விடுகிறதை நிறுத்தினதால்தான் என்று எனக்குப் பயம்.

"பூமாதேவிக்கு வேற வேலை இல்ல. உன் டப்பாவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் மறுபடி ஊசி போட்ட அன்று அவரே அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு ஊற்றினார்.

கறியை முதலிலிருந்து ஆரம்பித்த பன்னிரண்டாம் நாளே எருக்குழி ஓரத்தில் குச்சியைப் போட்டபோது, உருண்டையாக, கெட்டியாக, கறுப்பாக இருந்தது. நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் பாம்போ என்று தடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். காட்டினேன். இரண்டு பேரும் குனிந்து நின்று பார்த்தோம். "கல்யாணத்தன்னிக்குக்கூட உன் மூஞ்சியில இந்தச் சிரிப்பு இல்லடி" என்றார். அந்த வாரம் மெஷினில் நூறு கிராம் ஏறியது.

எனக்குக் கிடைத்த நல்ல நாட்கள் அவைதான். எண்ணிப் பார்த்தால் மூன்று வாரம்கூட இல்லை.

ஒரு மதியம் தின்ற கறி அப்படியே வெளியே வந்தது. மறுநாளும். பிறகு பழைய பசை, பழைய ரத்தக் கோடு. இந்தத் தடவை நான் எல்லாவற்றையும் யோசித்தேன். கல்லைக் கழுவினேன், டப்பாவை மோந்து பார்த்தேன், வேலி முள்ளைத் திருப்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நேராகவே கேட்டேன். "உன் பூனை மேல சத்தியமா ஒண்ணும் போடலடி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் பொய் இல்லை. நான் செய்த தப்பு ஒன்று இருந்தால் அதைத் திருத்திக்கொள்ளலாம். தேடித் தேடிப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கி, என் விரலையும் எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி தடித்து ஏதோ ஓடியது.

"குடல்மா. ரொம்ப நாளா வீங்கியே இருந்து தடிச்சுப் போச்சு. இனிமே ஒண்ணு ஒண்ணா ஒத்துக்காமப் போவும்."

"அந்தப் பால் நக்காம இருந்திருந்தா?"

அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது என்றால் இல்லை என்று அர்த்தமா, இருக்கும் என்று அர்த்தமா என்று பஸ்ஸில் வரும்போது பாலக்கோடு தாண்டும் வரைக்கும் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

மாத்திரை தினம் பாதி. குணமாக்காது, கொஞ்ச நாள் தாங்கும் என்றார். அதை எதிலும் மறைத்து வைக்க முடியாது. மறைத்து வைக்கிற பொருள் எல்லாமே ஆகாத பொருள். அதனால் துண்டில் சுற்றி, முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, தாடையைத் திறந்து தொண்டைக்குள் தள்ள வேண்டும். நான்தான் செய்கிறேன். அது நகம் போடும், பிறகு நுரை தள்ளும். விட்டவுடன் ஓடும். ஒரு வாரத்தில் என் காலடிச் சத்தம் கேட்டாலே பரண்மேல் ஏற ஆரம்பித்தது. நான் வைத்த தட்டைக்கூட, நான் அந்தப் பக்கம் இருந்தால் தொடாது. அது தின்கிற ஒவ்வொரு வாயையும் ஆக்கியவள் நான். என்னைக் கண்டால் அதற்கு ஆகவில்லை.

இப்போது வீட்டுக்காரரிடம்தான் போகிறது. அதற்காக இத்தனை நாளில் ஒரு துரும்பையும் அசைக்காதவர் மடியில் ஏறி, வயிற்றைக் காட்டிப் படுக்கிறது. அவரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். லோடு ஏற்றப் போன் வந்தால்கூட, "பத்து நிமிஷம் ஆவுங்க" என்கிறார். மடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை.

இந்த வாரம் முயல்கறி வாங்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது அது. வேகவைத்து, ஆறவைத்து, நார் நாராகக் கிழித்துத் தட்டில் வைத்து அவரிடம் கொடுத்தேன். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று. வெளியே அவர் குரல் மட்டும் கேட்டது. "தின்னு சாமி. ஒரு வாய். எனக்காக ஒரு வாய்." வெகு நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது. கோழி ஒன்று கொக்கரித்தது.

காலித் தட்டோடு உள்ளே வந்தார்.

"தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"எவ்வளவு?"

"முக்காவாசி."

ஜன்னல் வழியாக எனக்கு வாசல் தெரிந்தது. பூனை அவர் உட்கார்ந்திருந்த சாக்கின் மேல் கண்ணை மூடிக் கிடந்தது. கொஞ்சம் தள்ளி, இரண்டு கோழிகள் மண்ணிலிருந்து நார் நாராக எதையோ வேக வேகமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"அப்ப நாளைக்கும் அதையே வாங்கிட்டு வாங்க" என்றேன்.

சரி என்றார். தட்டை என் கையில் கொடுக்காமல் அவரே கழுவினார்.