கரப்பந்துக்கு வேண்டாத சொற்கள்

பகலில் நான் உரக்கடையில் நிற்கிறவன். ஆனால் புளியங்குளம் வரைக்கும் என்னை அறிவிப்பாளர் என்றுதான் தெரியும். தொண்டை பெரிது, கூச்சம் குறைவு. சுற்றுவட்டாரத்தில் கரப்பந்தாட்டப் போட்டி என்றால் மைக் என் கையில்தான்.

போன வருடம் பூவரசங்குளத்தில் ஓர் இறுதிப் போட்டி. வழக்கம்போல வெளுத்து வாங்கினேன். “எதிரியின் கோட்டை தகர்கிறது. புயலாய்ப் பாய்கிறான் எங்கள் வீரன். இதோ, எதிரி மண்ணில் வீழ்ந்தான்.” சனம் விசிலடித்தது.

முதல் சுற்று முடிந்ததும் கச்சான் கடலை விற்கிற அக்கா ஒருவர் என் மேசையடிக்கு வந்தார். ஒரு கடதாசிச் சரை கச்சானை வைத்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, அந்தப் பக்கம் விளையாடுற ஏழாம் நம்பர் என்ரை மகன். அவனை மூண்டு தரம் வீழ்த்திப்போட்டியள்.”

“அது விளையாட்டுக்குத்தானே அக்கா.”

“ஓம், விளங்குது. ஆனா என்ரை மூத்தவன் இப்பிடியான கதையைக் கேட்டுத்தான் எழும்பி இயக்கத்துக்குப் போனவன். திரும்பி வரேல்லை. இவங்கள் பந்துதானே அடிக்கிறாங்கள். பந்தெண்டே சொல்லுங்கோவன்.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போய்விட்டார்.

அந்த மாதிரிப் பேச்சை நானும் கேட்டவன்தான். பதினைந்து வயதில், பள்ளிக்கூட மண்டபத்தில். பேச வந்தவர் வாயில் சாவு என்ற சொல்லே வரவில்லை. விதை என்றார். வரலாறு அழைக்கிறது என்றார். எனக்குப் புல்லரித்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று அப்படியே பேசிப் பார்த்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் போகாமல் நின்றது அம்மாவாலா, பயத்தாலா என்று இன்றைக்கும் தெரியாது. பிறகு இடம்பெயர்ந்து ஓடியபோது, அது ‘தந்திரோபாயப் பின்னகர்வு’ என்றது ஒரு வானொலி. எங்கள் மேல் ஷெல் விழுந்ததை ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது மற்ற வானொலி. பதுங்குகுழிக்குள் இருந்த எங்களுக்கு இரண்டுமே புதுத் தமிழ்.

இரண்டாவது சுற்றுக்கு மைக்கைப் பிடித்தால் பேச்சு வரவில்லை. எதிரி, கோட்டை, தாக்குதல் எல்லாவற்றையும் கழித்தால் என்னிடம் ‘வணக்கம்’ மட்டும்தான் மிச்சம். நாலு புள்ளி வரை சும்மா நின்றேன். ஏற்பாட்டாளர் ஓடிவந்து வயரை ஆட்டிப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் கண்ணில் பட்டதைச் சொன்னேன். “நெட்டைத் தம்பி எழும்பி, மாங்காய் பிடுங்கிற மாதிரி ஒரு தட்டு. ஏழாம் நம்பர் விழுந்து புரண்டு எடுத்திட்டார். அந்தக் காற்சட்டையைத் தோய்க்கிற அம்மாதான் பாவம்.” சனம் சிரித்தது. ஏழாம் நம்பரும் சிரித்து, அடுத்த பந்தைக் கோட்டை விட்டான். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கடைசியில் அவனுடைய அணி தோற்றது. தோற்றது என்று மட்டும்தான் சொன்னேன்.

“சூடு காணாது அண்ணை, இன்னும் வேணும்,” என்றார் ஏற்பாட்டாளர்.

அடுத்த போட்டிக்கு வவுனியாவிலிருந்து வேறொருவரைப் பிடித்தார்கள். நான் சனத்தோடு சனமாக நின்று பார்த்தேன். அவர் தொடங்கியதே ‘போர்க்களம்’ என்றுதான். நல்ல குரல். மைதானமே அதிர்ந்தது. என் கையும் தட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.