இடது பின்தண்டு

கெட்ரஸ் அக்காவை நான் முதலில் பார்த்தது வேலைக்குச் சேர்ந்த வாரத்தில். பிவிண்டிக் காட்டு வாசலில் மூடுபனி இன்னும் விலகவில்லை. கொரில்லா பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம் வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் நான் சுமைக்காரர்களை ஆளுக்கு ஒரு விருந்தாளியாகப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். காபாலே நகரில் சுற்றுலாப் படிப்பு முடித்தவன் என்றுதான் சுமைக்காரர் குழு என்னை அந்த வேலையில் வைத்தது. அந்த மிடுக்கு முகத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

"பட்டம் வாங்கின தம்பி நீதானா?" என்று ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணி. "என்னைப் பை தூக்கப் போடாத. டோலிக்குப் போடு."

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள்.

"அக்கா, டோலி ஆம்பளைங்க தூக்கறது."

"எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"இன்னைக்கு இல்லக்கா" என்றேன்.

"சரி, நாளைக்குக் கேக்கறேன்" என்று ஒரு டச்சுக்காரரின் பையை வாங்கி முதுகில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். பிவிண்டிக் காட்டில் மழை நிற்கிற நாள்கூட உண்டு, அக்கா கேட்காத நாள் இல்லை.

டோலி எங்கள் மலைகளில் இரண்டு வேலை செய்கிறது. நடக்க முடியாத விருந்தாளியைக் கொரில்லா இருக்கும் இடம்வரை சுமந்து போவது ஒன்று. அதை நாங்கள் வேடிக்கையாக ஹெலிகாப்டர் என்போம். மற்றது பழையது. கார் ஏறாத மேடுகளில் யாருக்காவது முடியாமல் போனால் விசில் ஊதுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் ஓடிவந்து தோள் கொடுத்து, நோயாளியை ரோடு வரைக்கும் இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு மேட்டுக்கும் இதற்கென்று ஒரு டோலிச் சங்கம் இருக்கிறது. ஆள் அனுப்பாத வீடு ஒரு பானை சோளப் பீர் தண்டம் கட்டும். தொடர்ந்து அனுப்பாவிட்டால் அந்த வீட்டைச் சங்கத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

கிகோமா மேட்டில் அக்காவின் வீடு நீக்கப்பட்ட வீடு. கணவர் இறந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளும் அவரும்தான். கூலிக்கு ஒரு பையனை அனுப்பிப் பார்த்தார். அவன் பைக் டாக்ஸி ஓட்டத் தலைநகர் கம்பாலாவுக்குப் போய்விட்டான். வீட்டை நீக்கின அந்த மழைக்காலத்தில்தான் மூத்தவள் ஜோவ்லெட்டுக்குப் பிரசவ வலி எடுத்தது. விசில் ஊதினார்கள். ஆண்கள் வந்தார்கள். வந்தவர்கள், நீக்கின வீட்டுக்கு எத்தனை பானை தண்டம் போடுவது என்று சங்கத் தலைவர் எரிஃபாஸின் வாசலில் நின்று பேச ஆரம்பித்தார்கள். பேச்சு நீண்டது. அக்கா மகளை முதுகில் ஏற்றித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். பாதி வழியில் டோலி பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்தது.

"நில்லும்மா, வச்சிரு, நாங்க தூக்கறோம்" என்றாராம் எரிஃபாஸ்.

"பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு அக்கா நிற்காமல் நடந்தார். மகளும் பேரனும் பிழைத்தார்கள்.

அதன்பிறகு அக்காவுக்கு ஒரே எண்ணம்தான். தன் வீடு மறுபடி சங்கத்தில் இருக்க வேண்டும். கூலி ஆளோ பீர்ப் பானையோ வேண்டாம், தன் தோளை வைத்தே இருக்க வேண்டும். இளையவளும் நாளைக்குப் பிள்ளை பெற வேண்டியவள். எரிஃபாஸ் மறுத்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. விலக்கு என்று ஒன்று இருக்கிறது என்றார். "பொம்பள தோள்ல போன நோயாளி திரும்பி வரமாட்டான். நான் சொல்லல, அப்பன் பாட்டன் சொன்னது."

இதற்கு அக்கா கண்டுபிடித்த வழிதான் காட்டு வாசல் டோலி. அங்கேயும் மேஸ்திரி எரிஃபாஸ்தான். ஒருநாள் தேநீர்க் கடையில் அக்கா என்னிடம் விவரமாகச் சொன்னார்.

"விருந்தாளி டோலி நேத்து வந்த சாமான் தம்பி. அதுக்கு விலக்கு போட எந்தப் பாட்டன் இருந்தான்? ஒரு வெள்ளைக்காரம்மாவ நான் தூக்கறேன். அவங்க சிரிச்சுக்கிட்டே திரும்பி வர்றாங்க. அதை நாலு பேர் பாக்கறாங்க. அப்புறம் எரிஃபாஸ் அண்ணன் என்ன சொல்லுவாரு?"

பேசினதோடு விடவில்லை. யூகலிப்டஸ் கழியில் தண்ணீர்க் கேன்களைக் கட்டி, முன்னால் இளைய மகள், பின்னால் தான் என்று, காலையில் வேலைக்கு வரும் முன்பே மேட்டில் ஏறி இறங்கிப் பழகினார். ஊர்ப் பிள்ளைகள் பின்னாலேயே விசில் ஊதிக் கேலி செய்தார்கள்.

ஏப்ரல் மழையில் ஒரு காலை. டோலி ஆட்களில் ஒருவர் பக்கத்து மேட்டில் சாவுக்குப் போயிருந்தார். மீதி ஏழு பேர். எட்டுப் பேர் இல்லாமல் டோலி கிளம்பாது. நால்வர் சுமக்க, நால்வர் தோள் மாற்ற. டோலியில் போக வந்திருந்தவரோ கம்பாலாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, நல்வோகா டீச்சர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆள் கனம்.

"எட்டாவது ஆள் இங்க இருக்கேன்" என்று அக்கா முன்னால் வந்தார்.

எரிஃபாஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வெள்ளைக்காரின்னாகூட நான் வாயத் திறக்கமாட்டேன். இவங்க நம்மாளு. விலக்கு ஒட்டும்."

"அவங்க புகாண்டாக்காரங்க அண்ணே, நம்ம மலை இல்ல" என்றான் ஒருவன்.

"வாழைக்காய் திங்கற புகாண்டாக்காரங்களுக்கு மட்டும் உசிரு ரெண்டா இருக்கா?" என்றார் எரிஃபாஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, என்ன தகராறு என்று கேட்டார். சொன்னேன்.

"என் எடை எவ்வளவுன்னு ஒருத்தனும் கேக்கல. அதையில்ல மொதல்ல கேக்கணும்?" என்றார். "ரிடையரான காசுல இந்தச் சீட்டு வாங்கினேன். கொரில்லாவப் பாக்காம நான் பஸ் ஏறமாட்டேன். யாராவது தூக்குங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆள் பிரிக்கிறவன் நான். "எட்டாவது ஆள் கெட்ரஸ் அக்கா" என்றேன். பொறுப்பு என் தலையில் விழுந்ததால் நானும் கூடவே கிளம்பினேன்.

எரிஃபாஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார். "இடது பின்தண்டு. வலது பின்னால நான் இருப்பேன். வாயத் திறக்கக் கூடாது."

"தூக்கத்தான் வந்தேன், பேசவா வந்தேன்?"

ஏற்றம் ஏறி, ஓடை தாண்டி, மறுபடி ஏற்றம். சேற்றில் பூட்ஸ் முழங்கால்வரை புதைந்தது. டோலியை வழியில் எங்கும் கீழே வைக்கவில்லை. நடந்தபடியே ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குத் தண்டு மாறியது. அது எங்கள் பழக்கம். உயிரோடு இருக்கிறவரைப் பாதையில் இறக்கி வைத்தால், பிணத்தை இறக்கினது போல. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் முறை முடிந்தும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை. எரிஃபாஸ் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

மூங்கில் புதர் தாண்டியதும் வழிகாட்டி கையை உயர்த்தினார். சத்தம் கூடாது. இன்னும் இரண்டு திருப்பத்தில் கொரில்லாக் குடும்பம். நாங்கள் முதல் திருப்பத்தைத் தாண்டவில்லை, மேலே இலைகள் கிழிபட்டன. குடும்பத் தலைவனான வெள்ளிமுதுகு ஆண் கொரில்லா நெஞ்சில் அறைந்துகொண்டு சரிவில் இறங்கி எங்களை நோக்கிப் பாய்ந்தது.

பாய்ந்தால் ஓடாதே, குனிந்து உட்கார், கண்ணைப் பார்க்காதே என்பது காட்டு விதி. முன்தண்டு பிடித்த இரண்டு இளைஞர்களும் சொல்லிக்கொடுத்தபடி சட்டென்று உட்கார்ந்தார்கள். பின்தண்டில் எரிஃபாஸ் கல்லாக நின்றார். டோலியை இறக்கக் கூடாது என்பது மேட்டு விதி. இரண்டு விதிக்கும் நடுவில் டோலி முன்பக்கமாகச் சரிந்தது. டீச்சர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கொரில்லாவை நோக்கி வழுக்கினார்.

அக்கா மண்டியிட்டார். மெதுவாக, தண்டைத் தோளிலிருந்து விடாமல், ஒரு முழங்கால், பிறகு மறு முழங்கால். இடப்பக்கம் தாழ்ந்ததும் வலப்பக்கம் எரிஃபாஸ் தனியாக நிற்க முடியவில்லை. அவர் முகத்தில் கொரில்லா பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. அவரும் மண்டியிட்டார். டோலி சமமாகிச் சேற்றில் உட்கார்ந்தது.

வெள்ளிமுதுகு ஆண் நாலு எட்டு தள்ளி நின்றது. எங்களைப் பார்த்தது. பிறகு ஒரு கிளையை முறித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தது. பின்னால் ஒரு பெண் கொரில்லா, முதுகில் குட்டியோடு வந்து சேர்ந்தது.

"உட்காருப்பா, உட்காரு. நானும் உட்கார்ந்துதான் இருக்கேன்" என்று டீச்சர் கிசுகிசுத்தார். வகுப்புப் பையனிடம் பேசுகிற அதே குரல்.

திரும்பி வாசலுக்கு வந்ததும் டீச்சர் சுட்ட மக்காச்சோளம் வாங்கிக் கடித்துக்கொண்டே எல்லோர் கையையும் குலுக்கினார். அக்காவின் கையை மட்டும் விடவே இல்லை. எரிஃபாஸ் தேநீர்கூடக் குடிக்காமல் தள்ளி நின்றார்.

"பொம்பள தூக்கியாச்சு. பாதையில வேற எறக்கியாச்சு" என்றார் என்னிடம்.

"எறக்கலன்னா டீச்சர் கொரில்லா மடியில விழுந்திருப்பாங்களே, மாமா."

"விழுந்து செத்தா அது கொரில்லா பாவம். இனிமே செத்தா அது நம்ம பாவம்."

அடுத்த வாரம் வந்து கேட்டார். "டீச்சர் நம்பர் இருக்கா? போட்டு, நல்லா இருக்காங்களான்னு கேளு." போட்டேன். நன்றாக இருந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். அக்காவிடம் சொன்னபோது, "போடு தம்பி, போட்டுக்கிட்டே இரு" என்று சிரித்தார். கேன் கட்டிய கழியோடு மேடு ஏறுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

கடைசியில் டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "நான் எப்ப சாவேன்னு அங்க எவன் காத்துக்கிட்டிருக்கான்? அவன்கிட்டக் குடு போனை!"

எரிஃபாஸ் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கினார். "இல்ல டீச்சர்... ஆமா டீச்சர்... சரிங்க டீச்சர்." போனை என்னிடம் நீட்டினார். "நல்ல சத்தமாத்தான் இருக்காங்க" என்றார்.

அந்த மாதமே ஒரு காலை கிகோமா மேட்டில் விசில் ஊதியது. கூரையிலிருந்து விழுந்து ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது. தோளுக்குத் துணி மடித்து எடுத்துக்கொண்டு முதலில் போய் நின்றது கெட்ரஸ் அக்காதான். பின்னால் வந்த ஆண்கள் தயங்கி எரிஃபாஸைப் பார்த்தார்கள்.

"விலக்குண்ணே..." என்று ஒருவன் இழுத்தான்.

"எந்த விலக்கு? அதையெல்லாம் கம்பாலாவுல ஒருத்தங்க தின்னு ஏப்பம் விட்டுட்டாங்க" என்றார் எரிஃபாஸ். "இடது பின்தண்டு அவளோடது. பிடிங்க."

கீழே படுத்திருந்தவர் கத்தினார். "யாராவது பிடிங்கய்யா, காலு வலிக்குது!"

இப்போதும் கெட்ரஸ் அக்கா அதே மேட்டில் இருக்கிறார். அவர் வீடு சங்கத்தில் இருக்கிறது. விசில் ஊதினால் அந்த வீட்டிலிருந்து அவரே போகிறார். காட்டு வாசலில் டோலி கிளம்பும் நாளில் இடது பின்தண்டு அவருக்கு, மற்ற நாளில் பை தூக்குகிறார். இளையவளுக்கு வருகிற மாதம் கல்யாணம்.