மிதந்தது என் கை நாற்று இல்லை

நான் நட்ட நாற்று ஒருநாளும் மிதந்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். செபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்குமேல் படிப்பு கிடையாது. ஆனால் பிராஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பாகூர் பக்கம் எந்தக் கழனியில் இறக்கிவிட்டாலும் வரப்போரம் முதல் ஆளாக நின்று நடுவேன். என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வரிசை பிடிப்பார்கள்.

எங்கள் நடவுக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவளுக்கு வாய் பெரிது, கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் வேதக்காரி நான் ஒருத்திதான். நடவு நாளில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யப் பங்குச் சாமியாரிடம் உத்தரவு வாங்கியிருந்தேன். ஆனாலும் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டுத்தான் கழனிக்கு வருவேன்.

"வந்துட்டாங்கடி தொரசாணி. வழி வுடுங்க" என்பாள் அக்கா. நானும் சிரித்துக்கொண்டே இறங்குவேன்.

அந்த வருஷம் அக்கா தன் புது மருமகளையும் நடவுக்குக் கூட்டி வந்தாள். பட்டணத்து மில்லில் வேலை செய்கிறவர் மகள். சேற்றில் கால் வைத்ததே இல்லை. அட்டையைக் கண்டால் அலறுவாள், நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

குருவிநத்தத்தில் ஒரு பண்ணைக்காரர் கழனியில் ஞாயிற்றுக்கிழமை நட்டோம். புதன்கிழமை தண்ணீர் கட்டினார்கள். ஒருத்தி நட்ட பட்டை முழுக்க நாற்று கிளம்பி மேலே வந்து மிதந்தது. பண்ணைக்காரர் குடையை மடக்கி வரப்பில் குத்திக்கொண்டு கத்தினார்.

"எவ நட்டது இத?"

அக்கா முந்திக்கொண்டாள். "அது வேதக்காரி நட்ட பக்கம், ஆண்டே. பூசைக்குப் போயிட்டுப் பொழுது ஏறி வந்தா. அவசரத்துல சொருவிட்டுப் போயிருக்கா."

"சாமியும் வேணும், கூலியும் வேணுமா? இனிமே இவ என் கழனில கால் வெக்கக் கூடாது."

நான் மிதந்த ஒரு குத்தை எடுத்துப் பார்த்தேன். பத்து நாற்று ஒன்றாகச் சேர்ந்து இருந்தது. அப்படிக் கத்தையாக வைத்தால் வேர் சேற்றில் இறங்காது. என் கை ஒரு குத்துக்கு மூன்றுதான் எடுக்கும். ஒல்லி நாற்று செத்துப்போய்விடும் என்று பயந்து அள்ளி வைக்கிறவள் எங்கள் கூட்டத்தில் ஒருத்திதான். அந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பலாகப் போயிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"நான் இல்ல ஆண்டே" என்றேன். "வாய மூடு" என்றார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி வேலை வேண்டுமானால் ஆற்றைத் தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கம் போக வேண்டும். அங்கே என் கையை யாருக்குத் தெரியும்? கடைசி ஆளாகப் பள்ளத்தில் நிறுத்துவார்கள். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாற்றை மிதக்கவிட்டவள் என்ற பெயரை எப்படிப் பொறுப்பது?

சனிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் சாமியார் பிராஞ்சுக்காரர். தமிழை அச்சடித்த மாதிரி பேசுவார்.

"சாமி, ஒருத்தியச் சேத்துல போட்டு மிதிக்கணும் போல இருக்குது."

"மிதித்தாயா?"

"இன்னும் இல்ல சாமி."

"மன்னித்துவிடு மகளே."

"மன்னிக்கிறேன். ஆனா மெதந்தது என் நாத்து இல்லன்னு சொல்லிப்புட்டு, அப்பறமா மன்னிக்கிறேனே."

நடுவில் இருந்த சல்லடைப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மூக்கால் சிரிக்கிற சத்தம் கேட்டது. "உண்மையைச் சொல்வது பாவம் அன்று. ஆனால் அதைத் தடியாக எடுத்து ஒருவரையும் அடிக்காதே" என்றார். மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொன்னார்.

மந்திரம் சுலபமாக முடிந்தது. அடிக்காமல் உண்மையைச் சொல்வதுதான் எப்படி என்று விளங்கவில்லை. நான் இல்லை என்றால் அடுத்த கேள்வி பின்னே யார் என்பதுதானே?

திங்கட்கிழமை யாரும் கூப்பிடாமலே அந்தக் கழனிக்குப் போனேன். பக்கத்துக் கழனியில் எங்கள் கூட்டம் நட்டுக்கொண்டிருந்தது. வரப்பில் கட்டுக் கட்டாக மீந்து கிடந்த நாற்று முடிகளை எடுத்துக்கொண்டு மிதந்துபோன பட்டையில் இறங்கி மறுபடி நட்டேன். பாதிக்குமேல் முடிந்தபோது பண்ணைக்காரர் வந்தார்.

"உன்ன யாரு கூப்புட்டது?"

"யாரும் கூப்புடல ஆண்டே. கூலியும் வேணாம். இதப் பாருங்க." ஒதுங்கிக் கிடந்த பழைய குத்து ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். பத்து. "இப்ப நான் அன்னிக்கு நட்ட வரப்போரத்துல நீங்களே புடுங்கிப் பாருங்க."

குனிந்து பிடுங்கினார். மூன்று, மூன்று, நான்கு, மூன்று. அந்த ஒரு நான்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்ப இது எவ கை?"

பக்கத்துக் கழனியில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. அக்காவின் மருமகள் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது இன்னாத்துக்கு ஆண்டே? அதான் நட்டாச்சே. இவ நட்டது மெதக்கலன்னு அத்தினி பேருக்கும் கேக்குற மாதிரி ஒரு தபா சொல்லுங்க, போதும்" என்றேன்.

பண்ணைக்காரர்கள் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மெதந்தது இவ நாத்து இல்ல. நாளையிலருந்து இவளையும் சேத்துக்கோ" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். எனக்கு அது போதும்.

மறுநாள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே, "வரப்போரம் நில்லுடி" என்றாள். பக்கத்தில் அவளே நின்றாள். எங்கள் நடவில் ஒரு விளையாட்டு உண்டு. பின்னால் நகர்ந்து நகர்ந்து நடும்போது ஒருத்தி பிந்திவிட்டால், இரண்டு பக்கத்துக்காரிகளும் அவள் முதுகுக்குப் பின்னால் சேர்த்து நட்டு வழியை அடைத்துவிடுவார்கள். அவள் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும். அன்று அக்காவின் கை ஓடவேயில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் நின்றவள் அடைத்துக்கொண்டே வந்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் கை துறுதுறுத்தது. பொய் சொல்லமாட்டேன், நிறையவே துறுதுறுத்தது.

ஒரு அடி வழி விட்டேன்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு அதில் நுழைந்து வந்தாள். "வுட்டதுதான் வுட்ட, இன்னொரு அடி சேத்து வுட்டாத்தான் இன்னாடி?"

"அதுக்கு இன்னொரு பூச பாக்கணுமே அக்கா" என்றேன்.

முதலில் சிரித்தது அவள் மருமகள்தான்.