டெயில் பாயிண்டருக்காக விழுந்த அடி

கள்ளக்குறிச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்தபோது, மினி பிராஜெக்டுக்காக எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டார்கள். எனக்கு வாய்த்தவன் கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு போடும் பெரிய வீட்டுப் பையன். அவர்கள் கரும்புக் கொல்லையில்தான் என் அம்மா கூலிக்கு வெட்டுவாள். இருவருக்கும் அது தெரியும், பேசிக்கொண்டதில்லை.

சர்க்கரை ஆலை வாசலில் நிற்கும் கரும்பு லாரிகளை வந்த நேரப்படி வரிசைப்படுத்தும் சி புரோகிராம் எங்களுடையது. ஒவ்வொரு லாரியும் அடுத்த லாரியின் முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற லிங்க்டு லிஸ்ட். அதைப் பாதி பாதியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, திரும்ப இணைக்க வேண்டும். இணைக்கும் பகுதியை அவன் எழுதினான். கம்பைல் செய்ததும் ஒரு வார்னிங் வந்தது. வரிசையின் கடைசி லாரியைக் காட்டும் டெயில் என்கிற பாயிண்டருக்கு எந்த மதிப்பும் கொடுக்காமலே அதைப் பயன்படுத்துகிறோமாம்.

"ஆரம்பத்துலயே அதுக்கு 'நல்'னு, அதாவது காலினு வெச்சிடு. இல்லன்னா மெமரில கெடக்குற பழைய குப்பை எதுனா அதுல இருக்கும்" என்றேன்.

"எர்ரரா காட்டுது? வார்னிங்தான. ஓடுது இல்ல, வுடு."

அவன் லேப்டாப்பில் அந்த இடம் தற்செயலாகக் காலியாக இருந்ததால் ஓடத்தான் செய்தது. நான் மறுபடியும் சொன்னதும் வார்னிங்கே காட்டாதபடி அணைத்துவிட்டு, "இப்ப இன்னா சொல்ற?" என்று சிரித்தான்.

செய்து காட்ட வேண்டிய அன்று, லேப் கம்ப்யூட்டரில் முதல் லாரியைச் சேர்க்கும்போதே புரோகிராம் செத்துவிழுந்தது. வெளியிலிருந்து வந்திருந்த ஆசிரியர், "இதையா கொண்டாந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"நீதான் இன்னாவோ மாத்திட்ட" என்றான் அவன்.

"ஒண்ணும் மாத்தல. அப்பவே சொன்னேன்."

"கரும்பு வெட்றவ பொண்ணு, எனக்குச் சொல்றியா?"

சொல்லிக்கொண்டே அறைந்தான். காதுக்குள் விசில் அடித்தது. கையில் கிடைத்த கீபோர்டைத் தூக்கி அவன் முகத்தில் அடித்தேன். பொத்தான்கள் தெறித்தன. மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, அவன் என் சடையைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். நான் அவன் கையைக் கடித்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. பிரித்து விடுவதற்குள் என் நெற்றியும் கிழிந்திருந்தது.

முதல்வர் அறைக்கு இரண்டு வீட்டாரையும் வரவழைத்தார்கள். அம்மா கொல்லையிலிருந்து நேராக வந்தாள், கையில் வெட்டுக்கத்தியோடு.

"எவன்டா என் பொண்ணு மேல கை வெச்சது?"

அந்தக் கத்தியை வாங்கி வைக்க யாரும் துணியவில்லை. பின்னாலேயே அவன் அப்பா வந்தார். மகனின் மூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி மகனை அடிக்கத் தொடங்கினார்.

"பொட்டச்சி கையால அடி வாங்கினு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

என்னை அடித்ததற்காக அல்ல. அவன் சுவரோரம் சுருண்டு விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. உடைந்த மூக்கின் மேலேயே இரண்டு அடி விழுந்தது. அம்மா கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"போதுங்க, வுடுங்க. செத்துடப் போறான்."

"ஏம்மா தடுக்குற?" என்று கத்தினேன். அவன் இன்னும் அடி வாங்க வேண்டும் என்றுதான் அப்போது இருந்தது எனக்கு.

பிறகு எங்களைத் தனித்தனியாகச் செய்து காட்டச் சொன்னார்கள். டெயிலுக்கு நல் என்று வைத்தேன். லாரிகள் வரிசையாக நின்றன, ஒரு வார்னிங்கும் இல்லை. அவன் அந்த வருடத்தோடு வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். அம்மாவை அந்தக் கொல்லைக்கு யாரும் கூப்பிடவில்லை. உளுந்தூர்பேட்டையில் ஒரு சாலையோர ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"அந்தப் பையனுக்கு மூக்கு கோணலாவே கூடிடுச்சாம்."

"இருக்கட்டும்" என்றேன்.

அம்மா சாப்பாட்டைப் பாதியில் விட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.