ஐஸ் ரூமில் எழுந்த ஆவி

ஐஸ் ரூமின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உச்சி வெயில் நேரம். மேஸ்திரியம்மாவைத் தேடிப் போன நான் அந்த இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். அடுக்கி வைத்த ஐஸ் பாளங்களுக்கு நடுவே ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. தலையிலிருந்தும் தோள்களிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக ஆவி எழுந்து போய்க்கொண்டிருந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். உருவம் திரும்பியபோதுதான் அது மேஸ்திரியம்மா என்று தெரிந்தது. அந்தக் கண்களுக்கு மட்டும் என்னைத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் மீன்காரர்களுக்கு ஐஸ் போடும் சிறிய கம்பெனி அது. பாளங்களை உடைத்து, உமி தூவி, சாக்கில் கட்டுவது பெண்கள் வேலை. புதிதாகக் கல்யாணமாகி வந்த நான், எட்டாவது படித்திருந்ததால், வாசலில் டோக்கன் கொடுப்பேன். பெண்களுக்கெல்லாம் மேலாளாக இருந்தவர் மேஸ்திரியம்மா. புருஷனை இழந்தவர், கட்டிக்கொடுக்க வேண்டிய மகள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். அதட்டாமலே வேலை வாங்கத் தெரிந்தவர், ஐம்பதை நெருங்கிய அந்த வருஷம் திடீரென்று மாறிப்போனார். பேச்சின் நடுவில் நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பார். முகம் கன்றிச் சிவக்கும், ரவிக்கை நனைந்துவிடும். பல வருஷம் கூட வேலை செய்தவளின் பெயர் வாயில் வராது. ஒன்றுமில்லாததற்குச் சீறுவார், பிறகு சாக்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுவார்.

முன்பு ஐஸ் ரூமில் பாளம் சரிந்து ஒரு கூலியாள் செத்திருந்தான். அவன்தான் மேஸ்திரியம்மாவைப் பிடித்துக்கொண்டான் என்ற பேச்சு கிளம்பியது. கிளப்பியவர் அங்கே ஐஸ் உடைத்த காலடிப்பேட்டை அக்கா. அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். "அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்காதீங்கமே. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. உள்ள கீறது அவ இல்ல" என்பார். மேஸ்திரியம்மாவோடு ஐஸ் ரூமுக்குள் போகப் பெண்கள் மறுத்தார்கள். வேலை தேங்கியது. தெற்கத்திக்காரரான முதலாளி என்னைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழம பூசாரி வாராரு. அவரு ஓட்டுனா சரி. இல்லன்னா அந்தம்மா வீட்டுக்குப் போயிரட்டும். நீயே சொல்லிரும்மா" என்றார்.

மேஸ்திரியம்மா அன்றும் ஐஸ் ரூமில்தான் இருந்தார். வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"உள்ள வா கண்ணு" என்றார். "பயமா கீதுல்ல? எனக்கும்தான். கால்லேர்ந்து யாரோ கொள்ளி வெச்சி மேல ஏத்திக்கினு போறாப்பல கீது. மாசாமாசம் வர்றதும் நின்னு பூடுச்சி. அந்தச் செத்தவன்தான் என் ரத்தத்தக் குடிக்கிறானோன்னு கீது."

போய் அவர் கையைப் பிடித்தேன். அந்தக் குளிரிலும் அது சோற்றுப் பானையைத் தொட்டதுபோல் சுட்டது. அப்போது என் தோளுக்கு மேலாகப் பார்த்து, "அங்க யாரு?" என்றார். திரும்பினேன். கடைசி அடுக்குக்குப் பின்னால், இருட்டு மூலையிலிருந்து, இன்னோர் ஆவி மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

ஓடியிருப்பேன். மேஸ்திரியம்மா என் கையை விடவில்லை. பாளங்களுக்குப் பின்னாலிருந்து காலடிப்பேட்டை அக்கா வெளியே வந்தார். கழுத்தெல்லாம் வேர்வை வழிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கும் கொஞ்ச நாளா இப்டித்தான் கீது. யாரும் இல்லாத நேரமா பாத்து இங்க வந்து நிப்பேன். இன்னிக்கி நீ வந்ததும் ஒளிஞ்சிக்கினேன். உன்னப் புடிச்சது என்னியும் புடிச்சிக்கிச்சின்னு நெனச்சேன். உன்னத் தொரத்திட்டா என்னிய வுட்டுடும்னு..."

"மாசம்?" என்று கேட்டார் மேஸ்திரியம்மா.

"நின்னு பூடுச்சி."

மேஸ்திரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா இந்த வயசுல கொட்ற மழையில போயி நிப்பா" என்றார். "பைத்தியம்னு சொல்லி தூண்ல கட்டி வெச்சாங்க. நான்தான் கயிறு எடுத்தாந்து குடுத்தேன்."

வெள்ளிக்கிழமை பூசாரி உடுக்கையோடு வந்தார். காலடிப்பேட்டை அக்கா கதவை மறித்து நின்று, "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது பொம்பளைங்க சமாச்சாரம். போய்ட்டு வாங்க சாமி" என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மற்றப் பெண்களிடமும் காலடிப்பேட்டை அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். கேட்டவர்களில் சிலர் தலை குனிந்தார்கள். தங்கள் வீட்டில் யாரை நினைத்துக்கொண்டார்களோ. அதற்குப் பின் யாருக்காவது அந்தச் சூடு ஏறினால், பாளம் இழுக்கும் கொக்கியைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவாள். ஒருத்தி கூடவே போய் நிற்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் மேஸ்திரியம்மா அங்கேதான் வேலை பார்த்தார்.

நான் பின்னாளில் மேலே படித்து அலுவலக வேலைக்குப் போனேன். எனக்கும் ஐம்பது நெருங்கிய ஒரு மத்தியானம், கணக்குக் கூட்டலின் நடுவில், அடிவயிற்றிலிருந்து அந்தச் சூடு ஏறியது. இன்னதென்று தெரிந்திருந்தும், எனக்குள் வேறு யாரோ நுழைந்துவிட்டதுபோல் பிடரி மயிர் சிலிர்த்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கத்தான் முதலில் தோன்றியது. ஆனாலும் பக்கத்து மேசைப் பெண்ணிடம் இன்னதென்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் எழுந்து போய், பெயின்ட் ஒட்டி வருஷக்கணக்காகத் திறக்காமலிருந்த ஜன்னலை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள்.