வேறொருத்தி பேரில் வந்த செல்கள்

மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து ஒரு சொட்டு உறிஞ்சி, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்னதென்று சொல்வது என் பிழைப்பு. ரிப்போர்ட்டுக்காக லேப் வாசலில் தவம் கிடந்தவர்களே, உள்ளே இருப்பவள் பாடும் அப்படியொன்றும் சுகமில்லை.

அவசரம்

திருச்செங்கோட்டு ஸ்கேன் சென்டரில் ஊசி போட்டு எடுத்த ஸ்லைடுகள் சேலத்துக்கு, என்னிடம் வந்தன. சினைப்பையில் பெரிய கட்டி, வயிற்றில் நீர். பேர் சரஸ்வதி, வயது நாற்பத்திரண்டு. ஆளை நான் பார்க்கவில்லை. செல்களோ அந்த வயதோடு ஒட்டவேயில்லை. பெரிய உருண்டைச் செல்கள், நடுநடுவே குட்டி வெள்ளணுக்கள், பின்னணியில் புலித்தோல் வரி. கருமுட்டையாக வேண்டிய செல்லில் முளைக்கும் கட்டி அது. பெரும்பாலும் சின்னப் பெண்களுக்கு வரும். மருந்துக்கு நன்றாகக் கரையும், ஒரு பக்கத்துச் சினைப்பையைக் காப்பாற்றலாம். சர்ஜனுக்குப் போன் போட்டு, ஆளை அனுப்புங்கள் என்றேன். அவருக்கு எரிச்சல்.

"நாப்பத்திரண்டு வயசும்மா, இனி குழந்தையா பெக்கப்போகுது? ரெண்டையும் கர்ப்பப்பையோட எடுத்துடறேன். நீங்க கேன்சர்னு மட்டும் போடுங்க."

சரஸ்வதி

மறுநாள் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மாவை உட்காரச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது மகள். "சரஸ்வதியா?" என்றேன். அம்மா முந்திக்கொண்டு "ஆமாங்க" என்றாள். சீட்டில் இருந்த நாற்பத்திரண்டை மறுபடி பார்த்தேன். அந்த வயதை நம்பியிருந்தால் இந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் அறுத்து எடுத்திருப்பார்கள். பெண் தலை நிமிராமல் சொன்னது:

"அது எங்க அத்தை பேருங்க. எனக்குப் பதினேழு."

முடி

அம்மா கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அடுத்த வருஷம் ஜாதகம் எடுக்க வேண்டும், ஊருக்குத் தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று நாத்தனார் பேரைக் கொடுத்தார்களாம். ஒரு பக்கம் மட்டும் ஆபரேஷன், கூடவே கீமோ, குணமாகிவிடும், குழந்தையும் பெறலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த மருந்துல முடி கொட்டுமுங்களா? அப்ப ஊருக்கே தெரிஞ்சு போயிருமேங்க."

மறுபடியும்

போனவர்கள் போனவர்கள்தான். கொடுத்திருந்த போன் நம்பரும் அத்தையுடையது, யாரும் எடுக்கவில்லை. பல மாதம் கழித்து வந்தார்கள். நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்களாம். கட்டி விலா வரை ஏறி, பெண்ணுக்கு உட்காரக்கூட மூச்சில்லை. முடி மட்டும் இடுப்பு வரை ஒன்றும் ஆகாமல் பின்னிக் கிடந்தது. சீட்டுப் போடுகிறவள் பேர் கேட்டாள். அம்மா இந்த முறை முந்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"கீர்த்தனான்னே போடுங்க சாமி. இனி மறைச்சு என்னாகப் போவுது."

கட்டியின் பேரை நான் ஒரு சொட்டில் சொல்லிவிடுகிறேன், ஆளின் பேரைச் சொல்லத்தான் நம் ஊருக்கு இத்தனை மாதம் பிடிக்கிறது.