திறந்திருக்கும் ஒரே கடை

நேற்றுத் தேர்தல், இன்று முடிவு. கலவரம் வருமெண்ட பயத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் சாப்பாட்டுக்கடைகளும் பூட்டு. பசியோடு நடந்து வருகிறேன். ஒரு புடவைக்கடை மட்டும் திறந்திருக்கிறது.

"ஏன் அண்ணை பூட்டேல்லை?"

"கடையில பங்குபோட மலேசியாவிலயிருந்து ஒருத்தர் பாக்க வாறார், தம்பி. பூட்டினா அவர் பயந்து ஓடிப்போடுவார். திறந்து வைச்சு நான் பயந்து சாகிறன்," என்கிறார் முதலாளி.

கடை வாசலில் ஒரு வான் வந்து நிற்கிறது. இறங்கியவர் வீதியைப் பார்க்கிறார். "என்ன இது, எல்லாக் கடையும் பூட்டியிருக்கு?"

"வோட்டுப் போட ஊருக்குப் போன சனம் இன்னும் வரேல்லை, ஐயா. உள்ள வாங்கோ."

அவர் சிரித்தபடி உள்ளே போகிறார். சந்தியில் வென்றவர்களின் பட்டாசு வெடிக்கிறது. முதலாளியின் கை தானாக எழும்பி ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிடுகிறது.

மலேசியாக்காரர் அதற்கடியில் குனிந்து வெளியே வருகிறார்.